கைநாட்டும் கண்நாட்டும்

கைநாட்டு என்னும் சொல்லை நம் தோட்டத்து மக்களுள் அறியாதார் இலர். எழுத்தறியாத ஒருவர் ஒப்பத்திற்கு ஈடாகத் தம் பெருவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் ஊன்றுவதே கைநாட்டு. நாளடைவில் அச்சொல் செயலைக் குறிப்பதை விட்டு ஆளையே குறிக்கலாயிற்று. ‘அவன் கைநாட்டு’ என்றால் அவனை எளிதில் ஏமாற்றலாம் என்பது பொருள். வட்டிக்கடைப் பத்திரத்திலும், கங்காணியின் முன்பணக் கணக்கிலும், சம்பள நாளன்று கிராணியார் விரித்து வைத்த பேரேட்டிலும் நம் முன்னோர் ஊன்றிய விரல்கள் எத்தனை! அவற்றில் எழுதியிருந்தது யாது என்பதை ஊன்றியவர் அறியார். ஊன்றச் சொன்னவர் அறிவர்.

இந்த இழிவைத் துடைக்கவே இந்நாட்டுச் சீர்திருத்தச் சங்கங்கள் பெரும்பாடு பட்டன. 1929ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பெரியார் ஈ. வெ. ரா. மலேயாவுக்கு வந்து தோட்டங்களிலும் நகரங்களிலும் பேசிச் சென்ற பின்னர், ஊர்தோறும் எழுந்த இளைஞர் கூட்டங்கள் செய்த முதற்பணிகளுள் ஒன்று முதியோர்க்கு எழுத்துக் கற்பித்தல். பகலெல்லாம் பால்மரம் வெட்டி வந்தவர் இரவில் மண்ணெண்ணெய் விளக்கடியிற் குந்தித் தம் பெயரை மட்டுமேனும் எழுதப் பழகினர். பெயர் எழுதியவர் தலை நிமிர்ந்தார். விரலிலிருந்து பேனாவுக்கு ஏறியதே தம் வாழ்நாளின் பெரிய ஏற்றம் என்று கருதிய பாட்டன்மார் நம்மிற் பலருக்கு உண்டு.

இன்று அப்பாட்டனின் பேரன் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் வழக்கறிஞராயிருக்கிறார், கிள்ளானில் மருத்துவராயிருக்கிறார். அவர் வங்கிக்குச் சென்றால் முதலிற் கேட்கப்படுவது எது? பெருவிரல். பட்டங்கள் பல பெற்ற பேரன், எழுத்தறியாத பாட்டன் செய்ததையே கண்ணாடித் தகட்டின்மேற் செய்கிறார். அதிலும் ஒரு படி மேலாக, இப்பொழுது கண்ணையும் காட்டச் சொல்லும் காலம் வந்திருக்கிறது. கைநாட்டு என்பதுபோல் இதனைக் கண்நாட்டு என்று நாம் அழைத்தால் தவறில்லை.

செய்தி இதுதான். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நம் அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிறுவனமாகிய மிமோஸ், மைஇஜி என்னும் நிறுவனம், வேர்ல்ட்காயின் அறநிறுவனம், அதன் கருவிகளைச் செய்யும் டூல்ஸ் பார் ஹியூமானிட்டி என்னும் அமெரிக்கக் கம்பெனி ஆகியவை ஓர் உடன்படிக்கைக் குறிப்பில் ஒப்பமிட்டன. வேர்ல்ட்காயின் என்பது 2019இல் தொடங்கப் பெற்று, 2023ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் உலகுக்குத் திறந்துவிடப்பட்ட ஓர் ஏற்பாடு. 2024 அக்டோபர் முதல் வேர்ல்ட் என்றே வழங்குகிறது. ஆர்ப் என்று பெயரிட்ட வெள்ளி நிறக் கோளம் ஒன்றின் முன் நின்றால், அது நம் கருவிழியைச் சூழ்ந்த வண்ணப் படலத்தைப் படம் பிடிக்கும். அப்படலத்தின் வரிகள் ஓர் எண்கோவையாக மாற்றப்படும். இவ்வாறு எண்ணாக்கும் முறையைக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜான் டாக்மன் கண்டு 1994இல் உரிமம் பெற்றார். அவ்வெண்கோவை முன்பு பதிந்தவர் எவருடையதோடும் ஒவ்வாதாயின், ‘இவர் ஒரு மனிதர், இதற்கு முன் பதியாதவர்’ என்று ஒரு சான்று பிறக்கும். சான்று நம் கைப்பேசியில் ஒரு கிரிப்டோ பணப்பையுள் வைக்கப்படும். அதனைத் திறக்கும் மறைச்சாவி நம்மிடமே இருக்கும். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், தகப்பன் பெயர் வேண்டாம். இணையத்தில் எங்கேனும் ‘நீ மனிதன்தானா?’ என்று கேட்டால், ‘ஆம்’ என்னும் ஒரு சொல்லை மட்டும் அப்பணப்பை கூறும், வேறெதனையும் கூறாது.

இக்கேள்வி ஏன் எழுந்தது என்பதைக் கூறாதொழிதல் முறையன்று. இயந்திரங்கள் இன்று மனிதரைப்போல் எழுதுகின்றன, பேசுகின்றன, படம் வரைகின்றன. ஒரே இயந்திரம் பதினாயிரம் பெயர்களில் தோன்றி வாக்களிக்கும், வம்பு பேசும், பணம் பறிக்கும். ஆகவே எதிரே இருப்பவர் உயிருள்ள ஆளா என்று அறியும் தேவை உண்மையானதே. ஆனால் இவ்வேற்பாட்டைத் தோற்றுவித்தவருள் ஒருவராகிய சாம் ஆல்ட்மன் என்பவரே, இயந்திரத்தை மனிதன்போற் பேசவைத்த ஓபன்ஏஐ கம்பெனிக்கும் தலைவர். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று நம் பாட்டிமார் சொல்லுவர்.

உடம்பைச் சான்றாக்கும் இவ்வித்தையை அமெரிக்கப் புதுமை என்று நம்மவர் பலர் வியக்கின்றனர். அது பிறந்த இடம் இந்தியா. 1858ஆம் ஆண்டு, சிப்பாய்க் கிளர்ச்சி முற்றிலும் அடங்காத நாட்களில், வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி சாலைக்குச் சரளைக்கல் வழங்கும் ஒப்பந்தம் ஒன்றை எழுதினார். ஒப்பந்தக்காரர் இராஜ்யதர் கோனாய் என்னும் வங்காளி. வெறும் கையெழுத்தை அவர் பின்னாளில் மறுக்கக்கூடும் என்று ஐயுற்ற ஹெர்ஷல், அவருடைய உள்ளங்கை முழுவதிலும் மை பூசிக் காகிதத்தின்மேற் பதித்துக்கொண்டார். ‘என் கையெழுத்தன்று’ என்று அவர் சொல்லத் துணியாவண்ணம் அச்சுறுத்துவதே தம் நோக்கமென்று ஹெர்ஷல் பின்னர்த் தாமே எழுதினார். இதனை நம் வாசகர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கோனாய் எழுத்தறியாதவர் அல்லர். கையெழுத்திட வல்லவரிடமே கை கேட்கப்பட்டது. வேண்டியது எழுத்தறிவுக்கு ஈடன்று, நம்பிக்கைக்கு ஈடு.

பின்னர் 1877இல் ஹூக்ளி மாவட்டத்தில் ஓய்வூதியம் பெறுவோரிடமும், பத்திரம் பதிவோரிடமும், சிறைப்பட்டோரிடமும் விரற்பதிவு வாங்கும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். பிரான்சிஸ் கால்ட்டன் 1892இல் இதுபற்றி நூல் எழுதினார். 1897இல் கல்கத்தாவில் உலகத்தின் முதல் விரற்பதிவு நிலையம் திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பதிவுகளுள் ஒன்றைத் தேடியெடுக்கும் வகைப்பாட்டு முறைக்குக் காவல்துறைத் தலைவர் எட்வர்டு ஹென்றியின் பெயர் வழங்குகிறது. கணக்கிட்டு அதனை இயல்வதாக்கியவர்கள் அஜிஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இரு இந்தியக் கீழலுவலர். உழைப்பு ஒருவருடையது, பெயர் மற்றொருவருடையது. தோட்டத்தில் இதனைக் கண்டு பழகிய நமக்கு வியப்பில்லை.

ஹென்றி 1900இல் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு ஜோகானஸ்பர்க் நகரத்துக் காவலை அமைத்தார். மறு ஆண்டு இலண்டன் ஸ்காட்லாந்து யார்டில் அவர் முறை வந்தது. அவர் சென்ற தென்னாப்பிரிக்காவில்தான் உடற்பதிவுக்கு எதிரான முதற்பெரும் போர் மூண்டது. அதில் முன்னணியில் நின்றவர் தமிழர். டிரான்ஸ்வால் அரசு 1906இல் கொண்டுவந்த சட்டம், அங்கு வாழ்ந்த ஆசியர் ஒவ்வொருவரும் பத்து விரல்களையும் பதித்துச் சான்று பெறுதல் வேண்டும், கேட்ட காவலனுக்கெல்லாம் அதனைக் காட்டுதல் வேண்டும் என்றது. வெள்ளையர்க்கு அவ்விதி இல்லை. அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் எம்பயர் நாடகக் கொட்டகையில் இந்தியர் கூடி, பணிவதில்லை என்று உறுதி கூறினர். மொரீசியஸ் தீவிற் பிறந்த தமிழர் தம்பி நாயுடு அப்போரில் காந்தியாரின் வலக்கையாயிருந்து பன்முறை சிறை புகுந்தார்.

காந்தியாரோடு சாதி முதலிய பொருள்களில் மாறுபட்டவர் நம் வாசகருட் பலர். நாமும் அவருள் ஒருவர். ஆயினும் இவ்விடத்து அவர் செய்த ஒரு பிரிவினையை மறத்தலாகாது. 1908 ஜனவரியில் ஸ்மட்ஸுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, சட்டம் நீக்கப்படுமாயின் தாமாக முன்வந்து விரல் பதிக்கலாம் என்றார் அவர். கட்டாயத்தின்கீழ் பதிப்பது அடிமைத்தனம், மனமுவந்து பதிப்பது அவ்வாறன்று என்பது அவர் வாதம். இதனை ஏலாத மீர் ஆலம் என்னும் பட்டாணியரும் அவர் தோழரும் பிப்ரவரி 10ஆம் நாள் பதிவு அலுவலகத்துக்குப் போகும் வழியில் அவரைத் தடியால் அடித்து வீழ்த்தினர். உடன் சென்ற தம்பி நாயுடுவும் அடிபட்டார். பின்பு அரசு சொற்பிறழ்ந்தது. ஆகஸ்டு 16ஆம் நாள் ஹமீதியா மசூதியின் முற்றத்தில் பெரிய இரும்புக் கொப்பரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பதிவுச் சான்றுகள் எரிந்தன. மீர் ஆலம் சொன்னது சரியா, காந்தியார் சொன்னது சரியா என்று நம்மைக் கேட்டால், அடித்தது தவறு, ஐயுற்றது தவறன்று என்போம். மனமுவந்து கொடுத்த விரல் கொடுத்தவன் கையை விட்டுப் போய்விட்டது. உடன்பாடு முறிந்தபின் சான்றை எரிக்கலாம். அலுவலகத்தில் இருக்கும் பதிவை எரிப்பது எங்ஙனம்?

மலேயாவுக்கு வந்த நம்மவர் நிலை இதனினும் வேறு. மொரீசியஸ், நேட்டால், பிஜி முதலிய தீவுகளுக்கும் நாடுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாய்ப் போனவர் சீட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவற்றோடு உடம்பில் உள்ள மச்சமும் தழும்பும் எழுதப்பட்டன. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர் கழுத்தில், தோட்டத்தின் குறியும் ஆளின் எண்ணும் பொறித்த தகரத் துண்டு தொங்கியது. மலேயாவில் ஒப்பந்தமுறை 1910இல் ஒழிந்தது. 1907இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதியின் துணையால் கங்காணி முறையே ஓங்கியது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கியவர், தொற்றுத் தடுப்பு முகாமில் தலை எண்ணப்பட்டுத் தோட்டம் தோட்டமாகப் பிரிக்கப்பட்டனர். தோட்டத்துள் ஆள் அடையாளம் என்பது அதிகாலைப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிட, ‘ஆமாங்க’ என்று எழும் குரல்தான். முத்துசாமி யார் என்பதைக் கங்காணி அறிவார். கங்காணி அறிந்தவரை முத்துசாமி உண்டு.

பதியப்படாமையும் ஒரு கேடே என்பதைச் சப்பானியர் காலம் காட்டிற்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் இரயில் பாதைக்கென்று தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழருள் எத்தனை ஆயிரவர் காட்டிலே மடிந்தனர் என்பதற்கு இன்றுவரை ஒரு பெயர்ப் பட்டியல் இல்லை. அதே பாதையில் இறந்த வெள்ளைப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. படைப்பதிவு இருந்தவனுக்குக் கல் கிடைத்தது. பெரட்டில் குரல் கொடுத்தவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆதலால் பதிவு என்பதே தீது என்று நாம் கூறவில்லை.

1948ஆம் ஆண்டு நம் வரலாற்றில் இருமுறை குறிக்கப்பட வேண்டியது. பிப்ரவரி முதல் நாள் மலாயாக் கூட்டரசு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து, யார் குடிகள் ஆகலாம் என்பதை முதன்முதல் வரையறுத்தது. ஜூன் 18ஆம் நாள் நாடெங்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளையும் ஊரிலிருந்த மக்களையும் பிரித்தறியும் பொருட்டு, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாள அட்டை வழங்கப்பட்டது. அதில் நிழற்படமும் பெருவிரற்பதிவும் இருந்தன. அட்டையில்லாதவன் ஐயத்திற்குரியவன் ஆனான். ஆகவேதான் காட்டிலிருந்தோர் அட்டைகளைப் பறித்துக் கிழித்தனர். நம்மவருள் பலர், கையில் அட்டை வந்துவிட்டது, இனி நாம் இந்நாட்டார் என்று எண்ணி அமைந்தனர். அங்கேதான் பிழை நேர்ந்தது. அவ்வட்டை கேட்ட கேள்வி ‘நீ அவன்தானா?’ என்பது. குடியுரிமை கேட்ட கேள்வி ‘நீ எம்மவனா?’ என்பது. முதற்கேள்விக்கு விரல் விடை கூறும். இரண்டாவதற்கு விரல் ஊமை. அதற்குத் தனியே மனு எழுத வேண்டும், சான்று காட்ட வேண்டும், அலுவலகம் ஏற வேண்டும். இவ்வளவையும் தோட்டத்துக்குள் வந்து சொல்லுவார் அரிதாயினர். அதே ஆண்டில் இலங்கையிலும் முன்னோர் அம்மண்ணிற் பிறந்ததற்குக் காகிதம் காட்டு என்று கேட்டுத் தோட்டத் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கிய சட்டம் பிறந்தது. காகிதம் இல்லாத மக்களிடம் காகிதம் கேட்பது எவ்வளவு எளிய வழி!

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31க்குப் பின் இம்மண்ணிற் பிறந்தோர் பிறப்பாலே குடிகள் ஆயினர். ஆயின் 1962இல் அரசமைப்புத் திருத்தப்பட்டது. அதன்பின் பிறந்த குழந்தைக்குத் தாய் தந்தையருள் ஒருவரேனும் குடியாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று. 1960 முதல் அட்டைகள் நிறம் பெற்றன. குடிகளுக்கு நீலம், நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாய் விற்கப்பட்ட காலமும் அதுவே. 1969இல் குடியல்லாதார் வேலை செய்ய உரிமச்சீட்டு வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தபோது, ஏறக்குறைய 60,000 இந்தியத் தோட்டத் தொழிலாளர் மூட்டை கட்டிக் கப்பலேறினர். அவர்களுட் பலர் தமிழகத்தைக் கண்ணாற் கண்டிராதவர்.

நம்மவர் மனுக்கள் தடைப்படும் காரணங்கள் இரண்டனை மட்டும் இங்கே சற்று விரித்துரைப்போம். முதலாவது பெயர். தோட்டத்துக் கிராணி ஒருவிதமாகவும், மருத்துவமனை எழுத்தர் ஒருவிதமாகவும், பதிவு அலுவலர் ஒருவிதமாகவும் முனியாண்டியை ஆங்கில எழுத்தில் எழுதினர். ஒரே முனியாண்டி மூன்று தாள்களில் மூவர் ஆனார். மூன்று தாள்களிலும் எழுத்து மாறிற்று. அவர் பெருவிரல் மாறவில்லை. ஆயினும் அவர் மகளுக்குக் குடியுரிமை கேட்கும்போது மேசையின்மேல் வைக்கச் சொல்லுவது பிறப்புச் சான்று, பெற்றோர் அட்டை, திருமணப் பதிவு ஆகியவற்றையே. நூறு முறை வாங்கிய விரல் அவருக்காகப் பேச வேண்டிய ஒருமுறை பேசவில்லை.

இரண்டாவது திருமணம். 1982 மார்ச்சு முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, முஸ்லிமல்லாதார் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். கோயிலில் ஐயர் ஓதி, ஆயிரம் பேர் உண்டு, நாகசுரம் முழங்கி நடந்தாலும், பதிவு இல்லையேல் சட்டத்தின்முன் அது திருமணம் அன்று. அவ்வாறு பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் நீல அட்டையாளராயினும் அவர் குடியுரிமை இறங்குவதில்லை. தாயின் நிலையே பிள்ளையின் நிலை. தாய் அட்டையற்றவளாயின் பிள்ளையும் அட்டையற்றதே. நல்ல நாள், நல்ல நேரம் பார்த்த பெற்றோர் பதிவு அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்திலர். இதில் அரசை மட்டும் குறைகூறுவது நேர்மையன்று. சடங்குக்குச் செலவிட்ட பணத்தில் நூறில் ஒரு பங்கும், நாளில் அரைநாளும் செலவிட்டிருந்தால் பல பிள்ளைகள் இன்று பள்ளி வாயிலிலும் மருத்துவமனை வாயிலிலும் தவித்திரார். 1913இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் இந்தியர் சமயத் திருமணங்களை ஒப்பவில்லை என்றபோது தமிழ்ப் பெண்டிர் சிறை சென்றனர் என்பதையும் இங்கே நினைக்கிறோம். அங்கே பதிவுரிமை மறுக்கப்பட்டது. இங்கே கொடுத்த உரிமையை நாமே வாங்காது விட்டோம்.

இக்குறை அரசுகளுக்குத் தெரியாததன்று. 2011இல் மைடஃப்தார் என்னும் பெயரால் இந்தியர் பதிவியக்கம் ஒன்று நடைபெற்றது. 2018 ஜூலையில், சிவப்பு அட்டை வைத்திருந்த அறுபது வயதுக்கு மேற்பட்ட இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அன்றைய பிரதமர் மகாதீர் அறிவித்தார். அறுபது வயதில்! மரம் வெட்டி ஓய்ந்த பின்னர்! அதனினும் கீழே பச்சை அட்டை. ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டியது. அதனினும் கீழே எந்நிறமும் இல்லாதவர்.

இந்நிலையில்தான் புதுக்கருவிகள் வந்தன. 2001ஆம் ஆண்டு செப்டம்பரில் இக்கிள்ளான் பள்ளத்தாக்கில் முதன்முதல் வழங்கப்பட்ட மைகாட் அட்டை, இரு பெருவிரல்களின் பதிவையும் ஒரு சில்லினுள் அடக்கியது. படமும் விரற்பதிவும் சில்லிலே கொண்ட நாட்டு அடையாள அட்டைகளுள் உலகில் முதலாவது அதுவே என்பர். பிறகு 2023 இறுதியில் மைடிஜிட்டல் ஐடி என்னும் இணைய அடையாளம் பதியத் தொடங்கியது. அதனைச் செயற்படுத்துவதும் மேலே சொன்ன மிமோஸ்தான். அதன் அடித்தளம் தேசியப் பதிவிலாகாவின் ஏடு. 2025 நவம்பரில் அரசு இன்னும் ஒன்றை அறிவித்தது: பதினாறு வயது நிரம்பாதார் சமூக ஊடகக் கணக்கு வைத்துக்கொள்ள இயலாதவாறு, அடையாள அட்டை, கடப்பிதழ், மைடிஜிட்டல் ஐடி ஆகியவற்றால் வயதைச் சரிபார்க்க வேண்டும் என்பது அது. சிறுவரைக் காப்பது நல்ல நோக்கமே. ஆனால் அட்டையற்ற பிள்ளை பதினாறு வயதானபின் எதனைக் காட்டும்? வங்கிக் கணக்கும் வண்டி உரிமமும் இல்லாத அப்பிள்ளைக்கு இதுவரை கேள்வியின்றித் திறந்திருந்த ஒரே தெரு இணையம்.

இங்கேதான் கண்நாட்டுக் கோளத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாமற் போகிறது. அது நிறம் கேட்பதில்லை. தகப்பன் பெயர் கேட்பதில்லை. சாதி எழுதிய பழைய கப்பற்சீட்டோடு ஒப்பிட்டால் இஃது எவ்வளவு சுத்தமான கேள்வி! மேலும், ரேகை தேயும். கத்தியும் பாலும் மருந்தும் பட்டுத் தேய்ந்த தொழிலாளர் விரலை இயந்திரம் அறியாது போவது இந்தியாவின் ஆதார் ஏற்பாட்டில் நாள்தோறும் கண்ட உண்மை. அதனால் அரிசி இழந்த ஏழைகள் உண்டு. கருவிழிப் படலமோ உழைப்பால் தேய்வதில்லை. அட்டையற்ற பிள்ளையும் ‘நான் மனிதன்’ என்று இணையத்தில் மெய்ப்பிக்கலாம் என்பது மெய்யான ஒரு நன்மை.

ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையையும் பார்ப்போம். முதன்முதல் கண்கள் திரட்டப்பட்ட இடங்கள் கலிபோர்னியாவின் செல்வர் தெருக்கள் மட்டுமல்ல. இந்தோனேசியச் சிற்றூர்களும் கென்யாவின் நகரங்களும் முன்வரிசையில் இருந்தன என்பதை 2022 ஏப்ரலில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவியூ இதழ் ஆராய்ந்து வெளியிட்டது. 2023இல் நைரோபியின் மாநாட்டு மண்டபத்தின் முன் மக்கள் விடியற்காலை முதல் வரிசை நின்றனர். கண்ணுக்குக் கைம்மாறாகக் கிடைத்தது இருபத்தைந்து கிரிப்டோ நாணயம். அந்நாட்டுப் பணத்தில் அன்று ஏறக்குறைய 7,000 ஷில்லிங். ஊரில் கங்காணி வந்து திண்ணையில் அமர்ந்து முன்பணம் எண்ணிய காட்சி நமக்கு நினைவுக்கு வருகிறது. வாங்கியவர் கையில் காசு உடனே தெரியும். எதற்கு ஒப்பினோம் என்பது கடல் கடந்தபின் தெரியும். கென்ய அரசு அவ்வாண்டு ஆகஸ்டில் அதனை நிறுத்தியது; 2025 மே மாதம் அந்நாட்டு உயர்நீதிமன்றம் திரட்டிய பதிவுகளை அழிக்க ஆணையிட்டது. ஸ்பெயினும் ஹாங்காங்கும் 2024இல் தடுத்தன. இந்தோனேசியா 2025 மே மாதம் உரிமத்தை நிறுத்தி வைத்தது. பிரேசில் நாட்டினர் 2025 ஜனவரியில் கூறியது நம் கருத்துக்கு மிக ஒத்தது: காசு கொடுத்து வாங்கிய ஒப்புதல் ஒப்புதலாகாது, ஆகவே கண்ணுக்குக் காசு கொடாதே என்றனர். டிரான்ஸ்வாலில் காந்தியாரும் மீர் ஆலமும் பொருதிய வழக்கின் அடுத்த பக்கம் இது.

படத்தை அழித்துவிடுகிறோம், எண்கோவையையும் துண்டுகளாய்ப் பிரித்துப் பல இடங்களில் வைக்கிறோம், எவரும் ஒன்று சேர்க்க இயலாது என்பது கம்பெனியின் விடை. அவர்களுடைய கணக்கு முறை திறமானது. அதனை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது வேறு. அட்டை காணாமற் போனால் வேறு அட்டை வாங்கலாம். சாவி திருட்டுப் போனால் வேறு சாவி செய்யலாம். கண்ணை மாற்றுவது எங்ஙனம்? பணப்பையை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டால், கண் ஒருவருடையது, கணக்கு வேறொருவருடையது ஆகிவிடும். வறிய நாடுகளில் பதிந்தவர் சான்றுகள் விலைக்கு வாங்கப்பட்டன என்னும் செய்தி 2023இலேயே வந்தது. ஏழையின் விரலைப் பிடித்துத் தமக்கு வேண்டிய தாளில் ஊன்றிய பழைய வித்தைக்கு இது தம்பி.

வங்காளத்து அதிகாரி ‘நீ அவன்தானா?’ என்று கேட்டார். தம் ஒப்பந்தத்தைக் காக்கக் கேட்டார். டிரான்ஸ்வால் அரசும் அவசரகால அரசும் தத்தம் எல்லையைக் காக்கக் கேட்டன. இன்று கம்பெனி ‘நீ மனிதன்தானா?’ என்று கேட்பது தன் வாணிகத்தையும் இணையத்தையும் இயந்திரங்களிடமிருந்து காக்க. எல்லாவற்றிற்கும் நம்மவர் விரலையும் கண்ணையும் தயங்காது கொடுத்திருக்கின்றனர். ‘நீ எம்மவனா?’ என்னும் நடுக்கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. கோளத்தின் முன் நின்று மனிதன் என்று மெய்ப்பித்த பிள்ளை, அச்சான்றைக் கொண்டுபோய் அரசு மருத்துவமனையில் காட்டினால், குடிகளுக்குரிய கட்டணமன்று, அயலார் கட்டணமே கேட்பர்.

2024 ஆகஸ்டில் கண்நாட்டு உடன்படிக்கை ஒப்பமாயிற்று என்றோம். அவ்வாண்டு அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை குடியுரிமை பற்றிய அரசமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. அயல்நாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்க்கு அதனால் நெடுநாட் குறை தீர்ந்தது. அதனை நாம் வரவேற்றோம். அதே திருத்தத்தில், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகள் தாமாகவே குடிகளாகும் உரிமை எடுபட்டது. சிவப்பு அட்டை என்பது தோட்டத் தமிழர் வீடுகளில் எத்தனை தலைமுறையாய் இருந்து வருவது என்பதை அன்று அவையில் எண்ணியவர் சிலரே.

அம்மனுக்கள் சென்று சேரும் தேசியப் பதிவிலாகாவின் தலைமையகம் புத்ராஜெயாவில் உள்ளது. அந்நகரம் எழுந்த நிலம், முதல் உலகப்போருக்குப் பின் ஆங்கிலப் படைத்துரைமார் திறந்த பிராங் பெசார் தோட்டம். அங்கே பால்மரம் வெட்டியவர் தமிழர். நகரம் கட்டுதற்பொருட்டு அவர்கள் டெங்கிலுக்குப் பெயர்க்கப்பட்டனர். இன்று கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் பிறப்புச் சான்றுக் கட்டோடு அதிகாலையில் வரும் தாய்மார், பெரட்டுக்கு எழுந்த நேரத்திலேயே எழுந்து, அந்நிலத்தின்மேல் எண் சீட்டு வாங்கி அமர்ந்திருக்கின்றனர்.